அறுபது காசு வட்டி

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வட்டியை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று யாரும் பேசுவதில்லை. நூற்றுக்கு மாதம் எவ்வளவு என்பதுதான் கணக்கு. ‘ரெண்டு வட்டி’ என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம்; வேண்டியவர்களுக்கு ‘ஒத்த வட்டி’, அதாவது 12. மத்திய அரசின் பத்தாண்டுக் கடன்பத்திரம் 2022 முதல் பெரும்பாலும் ஆறுக்கும் ஏழரைக்கும் இடையில்தான் தந்திருக்கிறது. ஊர்க் கணக்கில் ஐம்பது, அறுபது காசு வட்டி. கேட்டதும் சிரிப்பு வருவது நியாயம்தான். ஆனால் சிரிப்பவர் வட்டியை மட்டும் ஒப்பிடுகிறார். பணம் எந்தத் தேதியில் கைக்குத் திரும்பும் என்பதை விட்டுவிடுகிறார். மானாவாரிப் பூமியில் வட்டியைவிடத் தேதி பெரிது என்பது என் கட்சி.

வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசியில் விதைத்து, தை முதல் பங்குனிக்குள் பருத்தி, மல்லி, குதிரைவாலியை விற்றுக் காசாக்கும் சீமை இது. வருமானம் ஒரே மொத்தமாக வரும். உழவுக்கும் விதைக்கும் உரத்துக்கும் ஆவணி, புரட்டாசியில் வேண்டும். இடைப்பட்ட ஆறு மாதத்தில் அந்தப் பணம் கைமாற்றாகவும் மொய்யாகவும் கரைந்து, விதைப்பு நேரத்தில் நகை அடகுக்குப் போகிறது. இதற்கு ஒரு வழி, மத்திய அரசுக்காக ரிசர்வ் வங்கி வாரந்தோறும் ஏலம் விடும் குறுகிய காலக் கடன்பத்திரங்களான டிரெஷரி பில்கள். அவை 91, 182, 364 நாள் கெடு கொண்டவை. மார்ச் நடுவில் வாங்கிய 182 நாள் பில் செப்டம்பர் நடுவில் முதிரும்; விதைப்புக்கு அதைவிடப் பொருத்தமான தேதி கிடையாது. ஆண்டுக்கு 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 97,095 ரூபாய் கட்டியவருக்குக் கெடுவன்று ஒரு லட்சம் வரும். குறைந்தபட்சம் 10,000 ரூபாய் போதும். 2021 நவம்பரில் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் ‘ரீடெய்ல் டைரக்ட்’ கணக்குக்குக் கட்டணமும் இல்லை. நாம் விலை கேட்க வேண்டியதில்லை. பெரிய வங்கிகள் கேட்டு முடிந்த சராசரி விலையே நமக்கும். (ரெண்டு வட்டிக்குக் கடன் வைத்திருப்பவர் இதையெல்லாம் படிக்க வேண்டாம், முதலில் கடனை அடைக்கட்டும்.)

இதற்கு வங்கி டெபாசிட்டே போதாதா என்று கேட்கலாம். ஆறு மாதத்துக்கு, ஐந்து லட்சத்துக்குள் என்றால் போதும். அந்த அளவுக்குக் காப்பீடும் உண்டு. வேறுபாடு நீண்ட கெடுவில்தான் தெரியும். மில்லில் ஓய்வு பெற்று பி.எஃப். பணத்தை மொத்தமாக வாங்கியவருக்கு, டெபாசிட் முதிரும் ஒவ்வொரு முறையும் அன்றைய வட்டிதான். இருபது, முப்பது ஆண்டுப் பத்திரமோ, மத்திய அரசைவிடச் சற்றுக் கூடுதலாகத் தரும் தமிழ்நாடு அரசுப் பத்திரமோ வாங்கினால், வாங்கிய நாளின் வட்டி கடைசிவரை மாறாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் விழும். நடுவில் விற்கப் போனால்தான் சிக்கல். 2020-இல் ஆறுக்குக் கீழே இருந்த பத்தாண்டு வட்டி 2022-இல் ஏழரையைத் தொட்டபோது பழைய பத்திரங்களின் விலை இறங்கியது. சில்லறையாக வாங்க ஆள் கிடைப்பதும் அரிது. ஆகவே மகள் கல்யாணத்துக்கு எடுத்துவைத்ததை முப்பதாண்டுப் பத்திரத்தில் போடுவது தவறு. அவசரத்துக்கு நகையே மேல். அதை ஒரு மணி நேரத்தில் அடகு வைக்கலாம்.

கம்பெனி பாண்டு கூடுதல் வட்டி தருகிறதே என்பது அடுத்த கேள்வி. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி 2024-இல், பொது வெளியீடின்றித் தனிமுறையில் விற்கும் பாண்டுகளின் முகமதிப்பை 10,000 ரூபாய் வரை குறைக்க வழிவிட்டதால் கதவு அகலத் திறந்திருக்கிறது. ஆனால் ஐ.எல்.அண்ட் எஃப்.எஸ். நிறுவனம் 2018 ஆகஸ்ட் வரை உச்ச தரமதிப்பீட்டில் இருந்தது. செப்டம்பரில் தவணை தவறியது. 2020 மார்ச்சில் யெஸ் வங்கியின் 8,415 கோடி ரூபாய் ‘ஏ.டி.-1’ பத்திரங்கள் (வங்கிக்கு நெருக்கடி வந்தால் அசலையே அழிக்க இடமுள்ளவை) பூஜ்யமாக்கப்பட்டன. தனிநபர்களுக்கு அவற்றை விற்றபோது அபாயத்தை முழுதாகச் சொல்லவில்லை என்று செபி 2021-இல் கண்டது; வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஐம்பது கம்பெனிகளில் பிரித்துப் போடும் நிதிக்கு ஒன்று மூழ்கினால் காயம்; ஒரே பாண்டில் இரண்டு லட்சம் போட்டவருக்கு அதுவே முழு நஷ்டம். இரண்டு சதவீதக் கூடுதல் அதற்கு ஈடாகாது.

அரசு மட்டும் தவறாதா? கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை 2022-இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. அடுத்த ஆண்டு ஊழியர் சேமலாப நிதியம் வைத்திருந்த அரசுப் பத்திரங்களின் வட்டியும் குறைக்கப்பட்டது. எனவே ‘அறவே அபாயமில்லை’ என்று சொல்ல மாட்டேன். இந்திய அரசின் கடனில் பெரும்பகுதி ரூபாயில், உள்நாட்டில் வாங்கியது. இதுவரை அது தவறியதில்லை. இங்கே உண்மையான அபாயம் விலைவாசி. ஆறரை வட்டியில் ஐந்தை அது தின்றுவிடக்கூடும். விதைப்புப் பணத்துக்கு ஆறு மாதத்தில் அது பெரிய சேதமில்லை. முப்பதாண்டுக்கு நிச்சயம் சேதம்தான். அதனால்தான் முழுச் சேமிப்பையும் இதில் பூட்டச் சொல்லவில்லை.

இவ்வளவு எளிய பத்திரம் ஏன் ஊருக்குள் வரவில்லை? சீட்டுக்கு ஆள் சேர்க்க ஆள் உண்டு, இன்சூரன்ஸுக்கு ஏஜென்ட் வீடு தேடி வருவார். திருச்சுழி தபால் ஆபீஸில் தேசியச் சேமிப்புப் பத்திரம் வாங்கலாம், டிரெஷரி பில் வாங்க முடியாது. கட்டணமில்லாத பொருளை விற்று யாருக்கும் கமிஷன் கிடைக்காது. விளக்கிச் சொல்லவும் அதனால்தான் ஆளில்லை.