நாய்க்குப் பச்சை இறைச்சி: ஈரமானதா, உலர்ந்ததா?

ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-இல் எழுதிய ‘கிவ் யுவர் டாக் எ போன்’ என்ற புத்தகத்துக்குப் பிறகுதான், வளர்ப்பு நாய்க்குப் பச்சை இறைச்சி கொடுப்பது உலகெங்கும் ஒரு தனி உணவுமுறையாகப் பரவியது. இன்று அது கடையில் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. இறைச்சி, ஈரல், எலும்பு ஆகியவற்றை அரைத்து ஃப்ரீசரில் வைத்து விற்பது ஒன்று. அதே கலவையிலிருந்து நீரை மட்டும் நீக்கி, பாக்கெட்டில் அடைத்து விற்கும் ‘ஃப்ரீஸ் ட்ரை’ வகை இன்னொன்று. எதை வாங்குவது?

முதலில் லேபிளைப் பார்ப்போம். ஈரமான பாக்கெட்டில் புரதம் 14% என்றும், உலர்ந்ததில் 45% என்றும் போட்டிருந்தால், உலர்ந்ததில்தான் சத்து அதிகம் என்று தோன்றும். அது சரியல்ல. ஈரமானதில் 70% தண்ணீர். மீதியுள்ள 30 பங்கில் 14 பங்கு புரதம். உலர்ந்ததில் தண்ணீர் 5% என்றால், 95 பங்கில் 45 பங்கு புரதம். கணக்குப் போட்டால் இரண்டுமே 47% அளவில் வந்து நிற்கும். விலையையும் இப்படித்தான் ஒப்பிட வேண்டும். 100 கிராம் உலர்ந்த உணவு சுமார் 315 கிராம் ஈரமான உணவுக்குச் சமம். அப்படிப் பார்த்தாலும் பெரும்பாலும் உலர்ந்ததே விலை கூடுதல். காரணம், தயாரிக்கும் முறை. உறைந்த இறைச்சியை வெற்றிடத்தில் வைத்து, பனிக்கட்டி உருகாமல் நேரடியாக ஆவியாகும்படி செய்கிறார்கள். ஒரு தொகுதி உலர ஒரு நாளுக்கும் மேல் பிடிக்கும், மின்செலவும் அதிகம்.

சூடு படாததால் சத்து பெரிதாகக் கெடுவதில்லை என்பது உண்மை. அதே காரணத்தால் கிருமியும் பிழைத்துக்கொள்கிறது. விற்பவர்கள் அழுத்திச் சொல்லாத விஷயம் இது. பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியையே எடுத்துக்கொள்ளுங்கள். குப்பியில் இருக்கும் அந்த வெள்ளைத் தூள், ஃப்ரீஸ் ட்ரை செய்யப்பட்ட உயிருள்ள பாக்டீரியா. பாக்டீரியாவைச் சாகாமல் பாதுகாக்கவே ஆய்வகங்கள் கையாளும் முறை, இறைச்சியில் இருக்கும் சால்மொனெல்லாவை மட்டும் எப்படிக் கொன்றுவிடும்? ஃப்ரீசர் குளிரும் கொல்லாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012-இல் முடித்த ஆய்வில், செல்லப்பிராணிகளுக்கான பச்சை இறைச்சி உணவு மாதிரிகள் 196-ஐச் சோதித்தது. 15-இல் சால்மொனெல்லாவும் 32-இல் லிஸ்டீரியா என்ற இன்னொரு கிருமியும் இருந்தன.

என் கவலை உலர்ந்த வகையைப் பற்றித்தான் அதிகம். ஈரமான இறைச்சியைத் தொட்டவர் தானாகவே கையை சோப்புப் போட்டுக் கழுவுவார். உலர்ந்த துண்டு பிஸ்கட் மாதிரி இருக்கிறது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறோம், குழந்தை கையில் கொடுத்து நாய்க்கு ஊட்டச் சொல்கிறோம். அது பச்சை இறைச்சி என்பதே மறந்துபோகிறது. நாய்க்கு எந்த நோய்க்குறியும் இல்லாமலே அதன் மலத்தில் சால்மொனெல்லா வெளியேறலாம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

எனவே எந்த வகையானாலும், உயர் அழுத்தப் பதப்படுத்தல் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். குளிர்ந்த நீரில் சுமார் 6,000 வளிமண்டல அழுத்தம் கொடுத்து, சூடில்லாமலே கிருமிகளைப் பெருமளவு குறைக்கும் முறை அது. முழுமையான, சமச்சீரான உணவு என்ற குறிப்பு இருக்கிறதா என்பதும் முக்கியம். வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இனக் குட்டிகளுக்கு இந்த விகிதம் தவறினால் எலும்பு வளர்ச்சியே கோணும்.

ஃப்ரீசரில் இடமும், தடையில்லாத மின்சாரமும் உள்ளவர்களுக்கு ஈரமானதே சிக்கனம். தண்ணீர் குடிக்கச் சோம்பும் நாய்க்கும் அதுவே நல்லது. மூடிபோட்ட பாத்திரத்தில், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், பாலுக்கும் மாவுக்கும் அடியில் வைத்து உருகவிடுங்கள். மின்வெட்டில் முழுக்க உருகிப்போனதை மறுபடி உறையவைக்காதீர்கள். அடிக்கடி பயணம் போகிறவர்களுக்கும், பயிற்சியில் சிறு துண்டு கொடுப்பவர்களுக்கும் உலர்ந்தது வசதி. வேளை உணவாகக் கொடுத்தால் வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். ஒரு துண்டைப் பிட்டுப் பாருங்கள். நடுவில் இன்னும் வெளிறி, பொடிப்பொடியாக உதிர்ந்தால் ஊறவில்லை என்று அர்த்தம். ஊறிய பின் அது சாதாரணப் பச்சை இறைச்சிதான். நாய் மிச்சம் வைத்ததை அரை மணி நேரத்தில் எடுத்துக் கொட்டிவிட வேண்டும்.

கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் என யாராவது உள்ள வீட்டுக்கு இரண்டு வகையும் வேண்டாம். அங்கே எலும்பை நீக்கி, இறைச்சியை நன்றாக வேகவைத்தே கொடுங்கள். கால்சியத்துக்கு என்ன சேர்ப்பது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.