டைரியும் துளசி மாலையும்

அப்பாவின் பீரோவைக் காலி செய்தபோது பதினொரு டைரிகள் கிடைத்தன. எல்லாம் எண்பதுகளில் உரக் கம்பெனியும் வங்கியும் இனாமாகக் கொடுத்தவை. ரெக்சின் அட்டை, முதல் பக்கத்தில் ரத்த வகை, சட்டை அளவு, வண்டி நம்பர் எழுத அச்சிட்ட கோடுகள். ஜனவரி 1-ம் தேதிப் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, மணிமணியான கையெழுத்தில் நான்கு தீர்மானங்கள்: காலை 5 மணிக்கு எழுவது, சிகரெட்டை விடுவது, இந்தி படிப்பது, தினமும் டைரி எழுதுவது. 5-ம் தேதி, ‘எழ நேரமாகிவிட்டது’ என்று ஒரு வரி. 9-ம் தேதியிலிருந்து பால் கணக்கு. மார்ச்சுக்குப் பிறகு என் தங்கை போட்டுப் பழகிய புள்ளிக் கோலங்கள். அடுத்த ஆண்டு டைரியிலும் அதே நான்கு. இந்தி இருந்த இடத்தில் தட்டச்சு, அவ்வளவுதான்.

அந்தக் காலத்து மனுஷர்கள் சொன்ன சொல் தவறாதவர்கள் என்று யாராவது ஆரம்பித்தால் இந்தப் பதினொன்றையும் எடுத்து முன்னால் வைப்பேன்.

ஆனால் அதே அப்பா கார்த்திகை முதல் தேதி துளசி மாலை போட்டுவிட்டால் வேறு ஆள். நான்கு மணிக்குப் பச்சைத் தண்ணீரில் குளியல், வெறுங்கால், தரையில் பாய். சிகரெட் பக்கமே போகமாட்டார். ஒரு மண்டலம் என்பது எங்கள் ஊர்க் கணக்கில் 48 நாள், சபரிமலைக் கணக்கில் 41. எதுவானாலும் முடியும் தேதி தெரியும். பெட்டிக்கடைக்காரர்கூட ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிடுகிறவரிடம் போய்ச் சிகரெட் கேட்க முடியுமா? மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே திண்ணையில் புகை வந்துவிடும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு மார்கழி. ஆண்டாள் பாடிய பாவை நோன்பில் நெய்யும் பாலும் கிடையாது, கண்ணுக்கு மை கிடையாது, விடியலில் குளிக்க வேண்டும். அம்மா இதில் நெய்யை மட்டும் எடுத்துக்கொண்டாள். தன்னால் முடிந்தது அது. 27-ம் நாள் கூடாரவல்லிக்கு அக்காரவடிசிலில் நெய் மிதக்கும். ஆண்டாளே வைத்த பரிசு. இங்கிலீஷ் புத்தாண்டு எப்போதும் இந்த மார்கழிக்கு நடுவில்தான் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத்தான் இத்தனை வருஷம் தோன்றவில்லை.

இன்று டைரி இல்லை, ஃபோன் இருக்கிறது. போன ஜனவரியில் ஜிம்முக்கு ஒரு வருஷத்துப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். போனது சில நாள்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய பின் அந்தத் தெரு வழியாகப் போவதையே தவிர்த்தேன். பிறகு ஃபோனில் நடைக் கணக்கு: தினம் 10,000 அடி. யார் வைத்த இலக்கு இது? டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருஷம், 1965-ல், ஜப்பானியக் கம்பெனி ஒன்று இடுப்பில் மாட்டும் அடிமானியை விற்றபோது வைத்த பெயரிலிருந்து வந்த எண். என் முழங்காலைப் பார்த்துச் சொன்னதல்ல.

லண்டனில் ஃபிலிப்பா லாலி என்பவரும் சக ஆய்வாளர்களும் 96 பேரை வைத்து, ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சராசரி 66 நாள். சிலருக்கு 18 நாளே போதும் என்றும் சிலருக்கு 254 நாள் வேண்டும் என்றும் கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதகம் இல்லை என்றும் தெரிந்தது. அப்பாவுக்கு அந்த 5-ம் தேதியன்று இதைச் சொல்ல ஆள் இல்லை. நேரமாகி எழுந்த ஒரே நாளுக்காக வருஷம் முழுவதையும் கைவிட்டார்.

இந்த வருஷம் நான் ஜிம்முக்குக் கட்டவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபோனைத் தொடுவதில்லை. அதுவும் பொங்கல் வரைக்கும்தான். மகளிடம் சொல்லிவிட்டேன், எட்டரைக்கு அவளே வந்து வாங்கி வைத்துக்கொள்கிறாள். நாலாம் நாள் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துவிட்டேன். இன்று ஒன்பதாம் நாள்.