ஐந்தரையடிக் கட்டில்

2006-ல் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் நான் வீடு விற்கப் போனபோது, விற்பதற்கு வீடே இல்லை. ஒரு தகரக் கொட்டகை, தெர்மாகோல் மாடல், தரையில் சுண்ணாம்புக் கோடு. அந்தக் கோட்டுக்குள் நின்றுகொண்டு, "இதுதான் சார் ஹால், சாயங்காலமானா கடல் காத்து அள்ளும்" என்று சொல்லத் தெரிந்தால் போதும். படிப்பைக் கேட்கவில்லை, பைக் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

மூன்றாம் மாதம் மாடல் ஃபிளாட் தயாரானது. படுக்கையறை தாராளமாகத் தெரிந்தது. ஆளில்லாத ஒரு மத்தியானம் அந்தக் கட்டிலில் படுத்தேன். பாதம் வெளியே தொங்கியது. டேப் வைத்துப் பார்த்தால் ஐந்தரையடி. சோபாவும் குட்டை, பீரோவில் ஹேங்கர் நுழையாது, அறைகளுக்குக் கதவே மாட்டவில்லை. மேனேஜரிடம் சொன்னேன். "நீ என்ன, படுக்கவா வந்தே?" என்றார். 1,200 சதுர அடி என்று நான் கூசாமல் சொன்னதில் மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை எல்லாம் அடக்கம். உள்ளே 900 தேறினால் அதிகம். டோக்கன் பணத்துக்குத் துண்டுச் சீட்டில் ரசீது.

போன மாதம் அக்கா மகள் அதே சாலையில் ஒரு புரமோட்டரிடம் சேர்ந்தாள். முதல் வாரம் முழுக்க அவளுக்குப் பேப்பர்தான்: ரெரா பதிவு எண், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, யூடிஎஸ் என்கிற பிரிபடாத நிலப் பங்கு. ரெரா என்பது 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம்; அதன்படி கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்கும் பரப்பை, ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும். விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்குவதானால் முதலில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். நாளைக்கு வேலையை விட்டுத் தனியாகக் கமிஷனுக்கு விற்பதென்றாலும் முகவராகப் பதிவு வேண்டும்.

சட்டத்தைவிட வாங்க வருகிறவர்கள்தான் அவளை அதிகம் மிரட்டுகிறார்கள். 2014-ல் சென்னைப் புறநகர் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள்; மறு ஆண்டே வெள்ளம். அதற்குப் பிறகு கடல் காற்றை யார் கேட்கிறார்கள்? மண் பரிசோதனை அறிக்கை எங்கே, 2015-ல் இந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்கிறார்கள். பிந்தையதை அவள் என்னிடம்தான் கேட்டாள். முழங்காலுக்கு மேல் என்றேன், குறித்துக்கொண்டாள்.

கட்டில் கதையைச் சொல்லி அனுப்பியிருந்தேன். மறுநாள் போன் வந்தது.

"அளந்துட்டேன் மாமா. ஆறேகால் அடி, சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"ரூமுக்குக் கதவுதான் இன்னும் மாட்டல."