செல்லாக் காசு – 9: அலமாரிக்குள் 31 லட்சம் டாலர்

காசு எந்த நாணயச்சாலையில் அச்சானது என்று காட்டும் மின்ட் குறிகளைப் போன வாரம் முடித்துவிட்டோம். மும்பைக்கு வைரம், ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இது போதும்.

காசைப் புளி போட்டுத் துலக்கிக் கெடுக்கிறவர்களைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் அமெரிக்காவின் 1913ஆம் ஆண்டு ஐந்து சென்ட் நாணயம் என்னைப் பிடித்துக்கொண்டது. அதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

அந்த நாட்டில் ஐந்து சென்டுக்கு ‘நிக்கல்’ என்று பெயர். சுதந்திர தேவியின் தலை பொறித்த நிக்கல் 1912உடன் நின்றது. 1913 முதல் ஒரு பக்கம் செவ்விந்தியர், மறுபக்கம் காட்டெருமை. ஆக, 1913 என்று ஆண்டிட்ட தேவி நிக்கல் இருக்கவே கூடாது. ஆனால் ஐந்து இருக்கின்றன! 1919 டிசம்பரில் சாமுவேல் பிரவுன் என்பவர், “அந்தக் காசு வைத்திருப்பவருக்கு 500 டாலர்” என்று நாணயவியல் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். அடுத்த ஆண்டு சிகாகோவில் கூடிய சேகரிப்பாளர்கள் முன்னால் அவரே அந்தக் காசை எடுத்துக் காட்டினார். பிலடெல்பியா நாணயச்சாலையில் முன்பு வேலை பார்த்தவர் அவர். மீதியை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பிறகு ஐந்தும் எட்வர்ட் கிரீன் என்ற கோடீஸ்வரரிடம் போய்ச் சேர்ந்தன. இவருடைய தாய் ஹெட்டி கிரீன் கஞ்சத்தனத்துக்கு உலகப் புகழ் பெற்றவர். மகனோ, விமானம் தலைகீழாக அச்சாகிவிட்ட 24 சென்ட் தபால்தலைகள் நூறையும் முழுத்தாளாகவே வாங்கிய தாராளக்காரர். அது தனிக் கதை, தபால்தலைக்காரர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

டெக்சஸ் நாணய வியாபாரி மேக்ஸ் மெல் செய்ததுதான் பெரிய கூத்து. இந்த நிக்கலைக் கொண்டுவந்தால் 50 டாலர் தருவதாக நாடெங்கும் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார். ஐந்தில் ஒன்றுகூடப் புழக்கத்துக்கு வந்ததில்லை என்பது ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? டிராம் நடத்துநர்கள் வண்டியை நிறுத்திவிட்டுச் சில்லறைப் பையைக் கிளறியதாகச் சொல்வார்கள். ஒருவருக்கும் கிடைக்கவில்லை. மெல் தன் நாணயக் கையேட்டை விற்றுத் தள்ளினார். ஆயினும் எத்தனையோ பேர் காசின் முகத்தைப் பார்க்கப் பழகியதே இந்த விளம்பரத்தால்தான். அதற்காக அவரைக் கும்பிடலாம்.

கிரீனிடமிருந்த ஐந்தில் ஒன்று பின்னாளில் மெக்டர்மாட் என்பவரிடம் வந்தது. 1941இல் 900 டாலருக்கு வாங்கினார். பெட்டகத்தில் பூட்டினாரா? இல்லை. மதுக்கடையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்து, மேசைக்கு மேசை சுற்றவிட்டார். அந்த ஒரு காசில் மட்டும் அதன் தேய்மானம் இன்றும் தெரிகிறது. அவர் இறந்தபின் 1967இல் அது 46,000 டாலருக்கு ஏலம் போனது. என்னைக் கேட்டால் ஐந்தில் கொடுத்துவைத்த காசு அதுதான்.

இப்போது இன்னொரு நிக்கலை வைத்திருந்த சேகரிப்பாளர் ஜார்ஜ் வால்டன். 1962 மார்ச் 9ஆம் தேதி, நாணயக் கண்காட்சி ஒன்றுக்குப் போகும் வழியில் கார் விபத்தில் இறந்தார். அவருடைய சேகரிப்பு மறு ஆண்டு ஏலத்துக்குப் போயிற்று. நிக்கலைப் பார்த்த நிபுணர்கள் ஆண்டு எண்ணைத் திருத்திய போலி, மதிப்பில்லை என்று குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தார்கள். 1910, 1912 காசுகளின் கடைசி எண்ணைச் செதுக்கி 1913 ஆக்கிய போலிகள் அப்போது மலிந்திருந்தன. எந்தக் காசைப் பார்த்தாலும் முதலில் சந்தேகப்படுவது சேகரிப்பாளர் புத்தி. அந்தப் புத்தி பல தடவை காப்பாற்றும், இந்தத் தடவை கவிழ்த்தது. வால்டனின் சகோதரி அதை உறையில் போட்டு அலமாரிக்குள் வைத்தார். அவர் காலமும் முடிந்தது.

2003இல் ஒரு ஏல நிறுவனம், காணாமல் போன அந்த ஐந்தாவது நிக்கலுக்குப் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்தது. வால்டன் குடும்பத்தார் உறையை எடுத்துக்கொண்டு பால்டிமோர் மாநாட்டுக்குப் போனார்கள். மற்ற நான்கும் அங்கே இருந்தன. ஆறு நிபுணர்கள் நள்ளிரவில் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அசல்! 2013இல் அது 31,72,500 டாலருக்கு விற்றது.

சுமார் 40 ஆண்டுகள் யாரும் அந்த உறையைத் தூக்கி எறியவில்லை என்பதுதான் என்னை நெகிழவைக்கிறது. நம் வீடுகளில் அப்பாவின் தகர டப்பாவை ஆயுதபூஜைக்கு முந்தின நாள் எடைக்குப் போட்டுவிடுகிறோம்.

சேகரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு காசையும் எப்போது, யாரிடம், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டு இருக்கும் இடத்தை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். புளி விவகாரம் அடுத்த வாரம் நிச்சயம். அதுவரை தாத்தா காலத்துச் செப்புக் காசுகளைத் தயவுசெய்து துலக்காதீர்கள்; துலக்கினால் விலை விழும், ஏறவே ஏறாது.