கிராங்க் ஆயில் சீல்: வீட்டிலேயே மாற்றியது பற்றிச் சில குறிப்புகள்

ஆயில் சீல் கசியுது என்றால் பாதிப் பேர் "அப்பப்ப கொஞ்சம் ஊத்திக்கிட்டா போச்சு" என்று ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில், புல்லி பக்கத்து கிராங்க் ஷாஃப்ட் சீல் கசிந்தால் அப்படி விடக் கூடாது. அந்த எண்ணெய் பெல்ட்டில்தான் படும். ரப்பர் ஊறும், பல் பெயரும். ஓடும்போது பெல்ட் போனால், பல இன்ஜின்களில் மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வை இடித்து வளைத்துவிடும். சில நூறு ரூபாய் சீலுக்காக ஹெட்டையே இறக்க வேண்டி வரும்.

சீல் என்பது என்ன? வெளியே ஒரு உலோக வளையம், உள்ளே ரப்பர் உதடு, உதட்டை ஷாஃப்ட்டோடு அணைத்துப் பிடிக்க ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங். அவ்வளவுதான். ரப்பர் இறுக்கிப் பிடிப்பதால் எண்ணெய் நிற்கிறது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். விஷயம் அதைவிட அழகானது. 35 மில்லிமீட்டர் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், உதட்டுக்கு அடியில் உலோகம் விநாடிக்கு ஐந்தரை மீட்டர் வேகத்தில் ஓடுது. வெறும் ரப்பர் அதைத் தாங்காது, கருகிவிடும். உண்மையில் உதட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மைக்ரான் தடிமனில் எண்ணெய்ப் படலம் இருக்கிறது. உதட்டின் சரிவு எண்ணெய்ப் பக்கம் செங்குத்தாகவும் காற்றுப் பக்கம் சாய்வாகவும் இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வால், ஷாஃப்ட் சுற்றச் சுற்ற அந்தப் படலம் உள்பக்கமாகவே தள்ளப்படுகிறது. சீல் ஒரு அடைப்பான் மட்டுமல்ல, ஒரு குட்டி பம்பும்கூட.

ஜெர்மனியில் இதை இன்றும் சிம்மரிங் என்பார்கள். ஃப்ராய்டன்பெர்க் என்ற தோல் பதனிடும் நிறுவனத்தில் வால்டர் சிம்மர் என்ற பொறியாளர் உருவாக்கியது. முதலில் வந்த உதடு ரப்பர் இல்லை, தோல்!

உதடு வெந்து கெட்டியானால் இந்த பம்ப் வேலை நின்றுவிடும். கசிவு அப்போதுதான் ஆரம்பிக்கும்.

ஆனால் சீல்தான் கசிகிறது என்று உறுதி செய்யாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள். எண்ணெய் கீழ்நோக்கி வழியும், ஓட்டத்தில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. வால்வு கவர் கேஸ்கெட்டிலிருந்து வழிவதைப் பார்த்து கிராங்க் சீலைக் குறை சொல்வது சகஜம். இன்ஜினை நன்றாகத் துடைத்து, காய்ந்ததும் டால்கம் பவுடர் தூவி, பதினைந்து நிமிஷம் ஓடவிட்டுப் பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு மேலேயிருந்து இறங்குதா, புல்லிக்குப் பின்னாலிருந்து வருதா என்று தெரிந்துவிடும். பிசிவி வால்வையும் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல்கூடக் கசியும். அதைச் சரி செய்யாமல் போட்டால் புது சீலுக்கும் அதே கதிதான்.

இனி வேலை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தணும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடவே கூடாது. சக்கரம், கீழ் மறைப்பு, ஆல்டர்னேட்டர் பெல்ட் எல்லாம் வந்த பிறகு எஞ்சுவது புல்லி போல்ட். இந்த வேலையிலேயே முரண்டு பிடிப்பது அதுதான். ஐந்தாவது கியரில் போட்டு, ஒருத்தரை பிரேக்கை அழுத்தச் சொல்லி, நீளக் கைப்பிடியால் திருப்பினால் அசையும். ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தட்டிக் கழற்றும் வழியைப் பலர் சொல்வார்கள். கை உடையும், வேண்டாம்.

போல்ட் இளகிய பிறகுதான் டைமிங் குறிகளை ஒன்றுசேர்க்கணும். இளக்கும்போது கிராங்க் கொஞ்சம் நகர்ந்திருக்கும் அல்லவா? கிராங்க், கேம் இரண்டின் குறிகளும் நேரானதும் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டு, பெல்ட்டை இறக்கலாம். அதன் பிறகு இரண்டு ஷாஃப்ட்டையும் அசைக்கக் கூடாது. எண்ணெய் குடித்த பெல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், புதுசு வாங்குங்கள்.

பழைய சீலைத் திருப்புளியால் நெம்பினால் ஷாஃப்ட்டில் கீறல் விழும். அந்தக் கீறல் போதும், புது சீலும் கசிய. சீலின் உலோக முகத்தில் சின்ன ஓட்டை போட்டு, ஒரு ஸ்க்ரூவை இரண்டு சுற்று இறக்கி, பிளையரால் இழுத்தால் வந்துவிடும். ஓட்டை ஷாஃப்ட்டை விட்டுத் தள்ளி இருக்கட்டும். உலோகத்தூள் உள்ளே போகாமல் டிரில் முனையில் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள்.

இப்போது ஷாஃப்ட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். உதடு ஓடிய இடத்தில் பள்ளம் தட்டினால், புது சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்க இடம் இருக்கா என்று பார்க்கணும். எண்ணெய் திரும்பும் துளையை மட்டும் மறைத்துவிடக் கூடாது. என் வண்டியில் பள்ளம் லேசாகத்தான் இருந்தது, ஒரு மில்லிமீட்டர் வெளியே நிறுத்தினேன். எமரி பேப்பரைச் சாய்வாகத் தேய்க்காதீர்கள். திருகுபோல் விழும் கோடுகள் எண்ணெயை வெளியே இழுத்துவரும்.

புது சீலின் அளவு அதன் மேலேயே இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், அகலம். அம்புக்குறி இருந்தால் ஷாஃப்ட் சுற்றும் திசையோடு ஒத்துப்போகணும். ஸ்பிரிங் தெரியும் பக்கம் இன்ஜினைப் பார்த்து இருக்கணும். ரப்பர் உதடு என்றால் இன்ஜின் ஆயில் தடவணும். வெள்ளையாகவோ பழுப்பாகவோ இருக்கும் டெஃப்லான் உதடு என்றால் காய்ந்தபடியே போடணும். ஷாஃப்ட்டின் சாவிப்பள்ளம் உதட்டைக் கிழிக்கும். அதன் மேல் ஒரு பால் கவர் துண்டைச் சுற்றி வழுக்கிவிட்டேன். பிறகு சீலின் வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் பிவிசி குழாய்த் துண்டை வைத்து, சுற்றிலும் சமமாக மெல்லத் தட்டினேன். கோணினால் முதலிலிருந்து.

பெல்ட் மாட்டி, டென்ஷன் வைத்து, கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகள் திரும்ப நேராகின்றனவா என்று பார்த்த பிறகுதான் சாவியைத் தொடணும். நடுவில் எங்காவது முட்டினால் பலம் போடாமல் நிறுத்திவிட்டு, பெல்ட்டைத் திரும்ப இறக்கிப் பாருங்கள். புல்லி போல்ட்டின் முறுக்கு அளவு வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலில் பார்த்து டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். முதல் இரண்டு நாள் உதட்டோரம் லேசான ஈரம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சொட்டாகத் திரண்டால்தான் கவலை.