கறிக்கடையில் குற்றமில்லை, கருப்பராயன் கோயிலில் குற்றம்

கொங்கு நாட்டில் கருப்பராயனுக்குக் கிடா வெட்டும்போது, ஆட்டுக்கு மாலை போட்டுத் தீர்த்தம் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாகக் கணக்கு. அப்புறம்தான் வெட்டு, அந்தக் கறியே பங்காளிகளுக்கும் உறவுக்கும் விருந்து. 2003-இல் ஜெயலலிதா அரசு, ஏட்டில் தூங்கிக் கிடந்த 1950-ஆம் ஆண்டின் விலங்குகள், பறவைகள் பலியிடல் தடைச் சட்டத்தைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னதும், இது திடீரெனப் போலீஸ் விவகாரமாகிவிட்டது. கோயிலிலும் அதன் வளாகத்திலும் பலி கொடுத்தால் குற்றம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் தொங்கும் ஆட்டைப் பற்றி அந்தச் சட்டத்துக்குக் கவலையே இல்லை. எதிர்ப்பு வலுத்து, 2004-இல் சட்டமே ரத்தானது.

மதத்தின் பேரில் பொதுச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுப்பது நியாயமா என்று வாதிடும்போது, அந்தச் சட்டம் உண்மையிலேயே பொதுவானதுதானா என்று நாம் பார்ப்பதில்லை. உயிர் இரண்டு இடத்திலும்தான் போகிறது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பிடிக்கிற சட்டம் ஆட்டைக் காப்பாற்றவில்லை. கும்பிடுகிற விதத்தைத் திருத்தப் பார்க்கிறது. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து ஹயலியா நகராட்சியும் சாந்தேரியா மதத்தாரின் பலியைத் தடுக்க இப்படித்தான் விதி போட்டது. இறைச்சிக்காக வெட்டுவதைத் தொடவில்லை. 1993-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நீதிபதிகள் அனைவரும் ஒத்த முடிவோடு அந்த விதிகளைத் தள்ளியது. கேரளத்தின் 1968-ஆம் ஆண்டுப் பலித் தடைச் சட்டத்தை எதிர்த்த மனு 2020-இல் நம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோதும் இதே முரண்பாடு பேசப்பட்டது. இவற்றோடு ஒப்பிட்டால் 1960-ஆம் ஆண்டின் மத்திய மிருகவதைத் தடுப்புச் சட்டம் நிதானமானது. எந்தச் சமூகமானாலும் அதன் மதம் கோருகிற முறையில் விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்கிறது அதன் 28-ஆம் பிரிவு. கருப்பராயன் கிடாவுக்கும் கோயம்புத்தூர் கோட்டைமேட்டு பக்ரீத் குர்பானிக்கும் அதே பிரிவுதான்.

சிக்கல், யாருக்கு விலக்கு என்று நீதிமன்றம் முடிவு செய்கிற முறையில் இருக்கிறது. 1954-இல் சென்னையிலிருந்து போன சிரூர் மடம் வழக்கில் தொடங்கி, ஒரு வழக்கம் மதத்துக்கு இன்றியமையாததா என்று பார்ப்பது நம் நீதிமன்றங்களின் பழக்கமாகிவிட்டது. 1958-இல் முகமது ஹனீஃப் குரேஷி வழக்கில், பக்ரீதுக்குப் பசுவைத்தான் பலியிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று சொல்லி அந்தக் கோரிக்கை மறுக்கப்பட்டது. சாத்திரமும் மடமும் உள்ள மதங்களாவது இந்தத் தேர்வை எழுதிப் பார்க்கலாம். கருப்பராயனுக்கு எந்த ஆகமத்தைக் காட்டுவது? பூசாரி சொல்வதும் ஊர் நினைவும்தான் அங்கே சான்று. ஆகவே எது வேதத்தில் இருக்கிறது என்று கேட்பதைவிட, இந்த வழக்கத்தால் யாருக்குப் பாதிப்பு, அதே பாதிப்பை மற்ற இடங்களில் சட்டம் பொறுத்துக்கொள்கிறதா என்று கேட்பதே நியாயம்.

அப்படியானால் சாமி பேரைச் சொல்லி எதையும் செய்யலாமா என்று கேட்பார்கள். முடியாது. பாதிப்பு அடுத்தவர் தலையில் விழுந்தால் விலக்கு கேட்க உரிமையில்லை. ஒலிபெருக்கி வைத்துத்தான் தொழ வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று, சென்னைக் குடியிருப்பு ஒன்றுக்கும் தேவாலயம் ஒன்றுக்கும் நடந்த வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மைக் செட் கட்டுகிற நம் ஊர்க் கோயில்களுக்கும் அது பொருந்தும். தலித்துகளை உள்ளே விடாத 'ஊர் வழக்கம்' பேச்சுக்கே இடமில்லாதது. அரசமைப்பின் 17-ஆம் பிரிவு அதை முடித்துவிட்டது. கனமான கேள்வி ஆட்டைப் பற்றியது: பாதிக்கப்படுவது அதுவும்தானே? ஆமாம். 28-ஆம் பிரிவு கொல்லும் முறைக்குத்தான் இடம் கொடுக்கிறது; அதற்கு முன்னால் வண்டியில் திணித்து ஏற்றி வதைப்பதற்கு இல்லை. ஆட்டின் வலியைக் குறைக்க இன்னும் கடுமையான விதி வேண்டும் என்றால் தாராளமாகப் போடலாம், கறிக்கடைக்கும் கோயிலுக்கும் சேர்த்து.