இளையோர் புதினங்களில் காதல்

இளையோர் படிக்கும் புதினங்களில் காதல் இடம்பெறலாமா என்னும் வினாவைப் பெற்றோரும் ஆசிரியரும் அடிக்கடி எழுப்புவர். இடம்பெற்ற காதல் கதைமாந்தரை எவ்வாறு உருவாக்குகிறது என்பதே நாம் முதலில் நோக்கத்தக்கது.

அமெரிக்க எழுத்தாளர் லூயிசா மே ஆல்காட் 1868இல் ‘லிட்டில் விமன்’ புதினத்தின் முதற்பகுதியை வெளியிட்டார். எழுத்தாளராக விழையும் ஜோவை அவள் தோழன் லாரிக்கே மணமுடிக்க வேண்டும் என இளம் வாசகியர் விரும்பினர். ஆல்காட் இணங்கவில்லை. 1869இல் வந்த இரண்டாம் பகுதியில் லாரியின் காதலை ஜோ மறுக்கிறாள். இருவருமே முன்கோபமும் பிடிவாதமும் உடையவர்கள். இல்லறம் இனிக்காது என்பது அவள் கூறும் காரணம்.

மாரீன் டேலியின் ‘செவன்டீன்த் சம்மர்’ (1942), பதினேழு வயதுப் பெண்ணொருத்தியின் கோடைக்காலக் காதலைக் கூறுவது. அவள் கல்லூரிக்குப் புறப்படும் பிரிவோடு கதை முடிகிறது.

இவ்விரு நூல்களிலும் காதல், தன்னை அறியும் பயிற்சியாக அமைகிறது. மறுக்கும் துணிவையும் பிரிவைத் தாங்கும் உரத்தையும் அது தருகிறது. மயக்கத்தை மட்டுமே விற்கும் கதைகளும் உள என்பது உண்மையே. அவற்றை இனங்காணும் திறன், நூலைப் பறிப்பதால் வாராது. இளையோரோடு அமர்ந்து படித்து உரையாடுவதால் வளரும்.